கூடு விட்டுக் கூடு

கூடு விட்டுக் கூடு பாய்கிற வித்தை ஒன்று உண்டென்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அவர்கள் சொன்ன கதைகளில் பெரும்பாலும் ஒரு ராஜாவும் ஒரு கிளியும் வருவார்கள். சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்லும் திருமூலர் வரலாறோ வேறு மாதிரியானது. அதில் ராஜாவும் இல்லை, ராஜ்யமும் இல்லை. சாத்தனூரிலே மூலன் என்ற இடையன், மாடு மேய்க்கப் போன இடத்தில் உயிரை விட்டுவிட்டான். பசுக்கள் அவன் உடலைச் சுற்றி நின்று கதறின. அவ்வழியே வந்த சிவயோகியார் ஒருவருக்கு அந்தத் துயரம் பொறுக்கவில்லை. தம்முடைய சரீரத்தை ஓரிடத்தில் பத்திரமாக வைத்துவிட்டு, மூலனின் உடலில் புகுந்து எழுந்தார். பசுக்கள் துள்ளின, மாலையில் ஒழுங்காக வீடு போய்ச் சேர்ந்தன. மூலனின் மனைவிக்கு மட்டும், வந்திருப்பவரிடம் ஏதோ மாறிவிட்டது என்பது உடனே தெரிந்துபோயிற்று.

ஒரு பழைய விளையாட்டு யந்திரத்தின் சரித்திரத்தைச் சொல்ல உட்கார்ந்துவிட்டு இந்தக் கதையை எதற்காக எடுத்தேன் என்று வாசகர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. இறந்துபோன இடையன், அவன் உடலில் புகுந்த யோகி, ஏமாந்த பசுக்கள், ஏமாறாத மனைவி ஆகிய நால்வரும் இந்தச் சரித்திரத்திலும் வருகிறார்கள்.

முதலில் இடையனைப் பற்றிச் சொல்கிறேன். ஜப்பானில் கியோட்டோ நகரத்தில் நிண்டெண்டோ என்ற கம்பெனி இருக்கிறது. ஆரம்பத்தில் சீட்டுக்கட்டு செய்து விற்றவர்கள். அங்கே மசயூகி உயெமுரா என்ற எஞ்சினீயரின் தலைமையில் ஒரு விளையாட்டுப் பெட்டி உருவாயிற்று. 1983-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் தேதி, 14,800 யென் விலையில், 'ஃபாமிகாம்' என்ற பெயரோடு அது கடைக்கு வந்தது. சிவப்பும் வெள்ளையுமாகப் பார்ப்பதற்கு ஒரு பொம்மை போலவே இருந்தது. டெலிவிஷனோடு இணைத்து, மேலே ஒரு காட்ரிட்ஜைச் செருகினால் விளையாட்டு ஆரம்பம். அந்தக் காட்ரிட்ஜை நம் ஊர்ப் பிள்ளைகள் 'கேசட்' என்றார்கள்.

அந்தப் பெட்டிக்குள் இருந்த மூளை, 1975-இல் அமெரிக்காவில் 25 டாலருக்கு விற்பனைக்கு வந்த 6502 என்ற சில்லின் வம்சத்தைச் சேர்ந்தது. விநாடிக்குச் சுமார் 17.9 லட்சம் துடிப்புக்கள். ஞாபகசக்தியோ வெறும் 2 கிலோபைட். தமிழ் எழுத்துக்களை இக்காலத்துக் கம்ப்யூட்டர்கள் சேமிக்கும் முறைப்படி பார்த்தால், இந்தக் கட்டுரையில் ஒரு பக்கம்கூட அதில் அடங்காது. இவ்வளவு தரித்திரத்தில் அவர்கள் நடத்திய குடித்தனத்தைத்தான் மெச்ச வேண்டும். 1985-இல் வெளிவந்த 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' என்ற ஆட்டம் முழுவதும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது. அதில் வானத்திலே மிதக்கும் மேகமும் தரையிலே நிற்கும் புதரும் ஒரே சித்திரம்தான்; வர்ணம் மட்டும் வேறு. ஒரே புடவையைச் சாயம் மாற்றி இரண்டு கல்யாணத்துக்கு உடுத்துகிற சாமர்த்தியம் இது!

அந்த வருஷமே பெட்டி அமெரிக்காவுக்குப் போயிற்று. 1983-இல் அங்கே விளையாட்டு வியாபாரம் படுத்துவிட்டதனால், பொம்மைக் கடைக்காரர்கள் இந்தச் சரக்கின் பெயரைக் கேட்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எனவே பெட்டியின் உருவத்தை மாற்றி, வீடியோ கேசட் யந்திரம் போல் முன்பக்கத்தில் கதவு வைத்து அனுப்பினார்கள். வியாபாரம் பிடித்துக்கொண்டது. உலகமெங்கும் சேர்த்து 6 கோடிக்கு மேல் விற்றுப்போயிற்று.

ஆனால் அந்த முன்பக்கத்துக் கதவே யமனாகவும் வந்து வாய்த்தது. கேசட்டை உள்ளே தள்ளி அழுத்தும்போது 72 சிறு உலோகப் பற்கள் அதைக் கவ்வ வேண்டும். நாளடைவில் பற்கள் தளர்ந்தன. உள்ளே ஒரு காவல் சில்லு வேறு இருந்தது. கேசட்டில் இருக்கும் தன் ஜோடிச் சில்லோடு அது சதா பேசிக்கொண்டிருக்கும். பேச்சு அறுந்தால், விநாடிக்கு ஒரு முறை யந்திரத்தை அணைத்து அணைத்துத் தொடங்கும். சிவப்பு விளக்கு மின்னி மின்னி மறையும். குழந்தைகள் கேசட்டைக் கழற்றி வாயால் ஊதினார்கள். யாரும் சொல்லிக்கொடுக்காமலே தேசம் தேசமாக எல்லாக் குழந்தைகளும் ஊதினார்கள் என்பதுதான் வேடிக்கை. மூச்சின் ஈரம் பட்டால் உலோகம் அரிக்கும், ஊதாதீர்கள் என்று கம்பெனி எச்சரித்தது. யார் கேட்டார்கள்? அமெரிக்காவில் 1995-லும், ஜப்பானில் 2003-லும் உற்பத்தி நின்றது. மிச்சமிருந்த பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கண்ணை மூடத் தொடங்கின.

நம் தேசத்தில் 1990-களில் பெரும்பாலான வீடுகளுக்கு வந்தவை அசல் பெட்டிகளல்ல. அவற்றைப் பார்த்துச் செய்த நகல்கள். என் சகோதரியின் வீட்டுப் பரண்மேல் அப்படி ஒன்று இருந்தது. போன கோடை விடுமுறையில் அவளுடைய மகன் அதை இறக்கிப் பிரித்துப் போட்டிருந்தான். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். உள்ளே பச்சை நிறப் போர்டின் நடுவில், தார் சொட்டினாற்போல் ஒரு கறுப்புக் கட்டி இருந்தது.

"இதுதான் மாமா எல்லாம். அசல் பெட்டியில தனித்தனியா இருக்கிற சில்லையெல்லாம் ஒண்ணாச் சேர்த்து, மேலே பிசினை ஊத்தி மூடிட்டாங்க. இது போச்சுன்னா போச்சு. மாத்த முடியாது" என்றான்.

"அப்புறம் என்ன செய்யப் போகிறாய்?"

"உடம்பை வெச்சுக்கிட்டு உயிரை மாத்தப் போறேன்."

அந்த வார்த்தைதான் எனக்குத் திருமூலரை ஞாபகப்படுத்தியது. பையன் அந்தக் கதையை அறியான் என்றே நினைக்கிறேன்.

அவன் செய்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செத்த போர்டைக் கழற்றினான். வெறும் கூட்டைச் சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்தினான். அதற்குள்ளே சீட்டுக்கட்டு அளவுள்ள புதிய கம்ப்யூட்டர் போர்டு ஒன்றைத் திருகாணி போட்டு உட்காரவைத்தான். பழைய கைப்பிடிகளை எறிந்துவிடவில்லை. அசல் ஃபாமிகாமின் முறையைப் பின்பற்றிய கைப்பிடிகள் அவை. ஒவ்வொன்றிலும் 8 பொத்தான்கள். ஆனால் உள்ளே போவதோ ஐந்தே கம்பிகள். மின்சாரத்துக்கு இரண்டு, 'இப்போதைய நிலையைப் பிடித்து வைத்துக்கொள்' என்று கட்டளையிட ஒன்று, 'அடுத்ததைச் சொல்' என்று தட்டிக்கொடுக்க ஒன்று, பதில் வருவதற்கு ஒன்று. எட்டுப் பொத்தான்களும் வரிசையில் நின்று ஒன்றன்பின் ஒன்றாகப் பதில் சொல்லும். அந்தக் கம்பிகளைப் புதிய போர்டோடு இணைத்தான். நகத்தளவு அட்டை ஒன்றில் புரோகிராமை ஏற்றிச் செருகினான். சுவிட்சைப் போட்டதும், பழைய பெட்டி பழைய சங்கீதத்தோடு பேசத் தொடங்கியது. அவனுடைய தங்கை குதித்த குதியைப் பார்க்க வேண்டுமே! சாத்தனூர்ப் பசுக்கள் தோற்றுப்போகும்.

யோகியின் சரித்திரம் இனி வருகிறது. ஒரு யந்திரம் இன்னொரு யந்திரமாக நடிக்க முடியும் என்ற எண்ணம் விளையாட்டுக்காரர்களுடையதல்ல. 1936-இல் ஆலன் டூரிங் என்ற இங்கிலாந்து இளைஞர், 24 வயது நிரம்பும் முன்பே, கணிதக் கட்டுரை ஒன்றை எழுதி அனுப்பினார். எந்தக் கணக்கு யந்திரமானாலும் சரி, அதன் விதிகளை எழுதிக் கொடுத்துவிட்டால் அதைப் போலவே நடந்துகொள்ளும் பொது யந்திரம் ஒன்று சாத்தியம் என்று அதிலே நிரூபித்தார். அப்போது கம்ப்யூட்டர் என்ற பொருளே உலகத்தில் இல்லை!

அந்தத் தத்துவத்தைக் காசாக்கியவர்கள் ஐ.பி.எம். கம்பெனியார். அவர்கள் 1959-இல் அறிவித்த 1401 என்ற யந்திரம் பத்தாயிரத்துக்கு மேல் உற்பத்தியாயிற்று. 1964-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் தேதி 'சிஸ்டம் 360' என்ற புதிய வரிசையை அறிவித்தபோது ஒரு தர்மசங்கடம். பழைய யந்திரத்துக்காக எழுதிய சம்பளப் பட்டியல், சரக்குக் கணக்கு எல்லாவற்றையும் புதிதாக எழுதுங்கள் என்றால் எந்த முதலாளி சம்மதிப்பார்? போட்டிக் கம்பெனியான ஹனிவெல், 1401-க்காக எழுதியதைத் தன் யந்திரத்தில் ஓடச்செய்வதாகச் சொல்லி ஆட்களை இழுத்துக்கொண்டிருந்தது. ஆகவே புதிய யந்திரங்கள் சிலவற்றுக்குள்ளேயே, பழைய 1401-ஆக நடிக்கும் வித்தையையும் வைத்துக் கொடுத்தார்கள். இதற்கு அவர்கள் இட்ட பெயர்தான் 'எமுலேஷன்'. நாம் பாவனை என்று சொல்லலாம். ஆக, கூடு விட்டுக் கூடு பாயும் வித்தை, கணக்குப்பிள்ளைகளின் சௌகரியத்துக்காகத்தான் முதலில் பூமிக்கு வந்தது.

முப்பது வருஷம் கழித்து அது விளையாட்டுக்காரர்களின் கைக்குப் போயிற்று. 1990-களில் வீட்டுக் கம்ப்யூட்டர்களின் வேகம், பழைய விளையாட்டுப் பெட்டியாக நடிக்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. 1997-ஆம் ஆண்டு பிப்ரவரியில் இத்தாலிக்காரரான நிகோலா சல்மோரியா, காசு போட்டு விளையாடும் கடை யந்திரங்களுக்காக 'மேம்' என்ற புரோகிராமை வெளியிட்டார். அதே வருஷம் ஏப்ரலில் அமெரிக்காவில் நிண்டெண்டோ பெட்டிக்கான 'நெஸ்டிக்கிள்' வெளிவந்தது. சம்பளமில்லாமல், ராத்திரி கண்விழித்து இதற்காக உழைத்தவர்கள் பல தேசங்களில் இருந்தார்கள்.

அந்த உழைப்பு எத்தகையது என்று கொஞ்சம் பார்க்கலாம். பாவனை செய்யும் புரோகிராம், பழைய மூளை எப்படி ஒவ்வொரு கட்டளையையும் எடுத்துப் படித்ததோ, அப்படியே தானும் எடுத்துப் படிக்கிறது. மூளை ஓர் அடி எடுத்து வைத்தால், அசல் ஃபாமிகாமில் சித்திரம் வரையும் சில்லு மூன்று புள்ளி நகரும். இந்தத் தாளம் தப்பக்கூடாது. விநாடிக்கு 60 சித்திரங்கள் வந்தாக வேண்டும்.

அசலின் குணங்களைப் பிரதி செய்தால் மட்டும் போதாது. குறைகளையும் பிரதி செய்ய வேண்டும். பழைய பெட்டியால் ஒரே கிடைவரிசையில் 8 உருவங்களுக்கு மேல் காட்ட முடியாது. ஒன்பதாவது உருவம் மறைந்துபோகும். இது குறைதானே, நாம் திருத்திவிடுவோம் என்று ஒரு புத்திசாலி நினைக்கலாம். ஆனால் அந்தக் காலத்து ஆசிரியர்கள் இந்தக் குறையையே உபாயமாகக் கொண்டிருந்தார்கள். சதுப்பு நிலத்தில் நடக்கும் வீரனின் கால்கள் சேற்றில் புதைந்தாற்போல் தெரிய வேண்டுமா? அந்த வரிசையில் கண்ணுக்குத் தெரியாத எட்டு உருவங்களை நிறுத்திவைத்தால், கால்கள் தாமே மறைந்துவிடும். குறையைத் திருத்தினால் சேற்றுக்கு மேலே கால்கள் வெளிவந்துவிடும்! நாவல் எழுதுகிற எனக்கு இந்த இடம் மிகவும் பிடித்திருக்கிறது. ஒரு மனிதரை எழுத்தில் கொண்டுவருகிறவன், அவருடைய திக்குவாயையும் முன்கோபத்தையும் திருத்தி எழுதினால் அங்கே அவர் இருக்கமாட்டார்.

இப்படி நுணுக்கம் தேடியவர்கள் எவ்வளவு தூரம் போனார்கள் தெரியுமா? சில்லின் மேலோட்டைத் திராவகத்தால் கரைத்து, பூதக்கண்ணாடியின் கீழ்ப் படம் பிடித்தார்கள். 2010-இல் மூவர் சேர்ந்து 6502 சில்லின் மூவாயிரத்துக்கு மேற்பட்ட டிரான்சிஸ்டர்களையும் அவ்வாறே படித்து, ஒவ்வொன்றும் திறந்து மூடுவதைக் கம்ப்யூட்டரில் காட்டினார்கள். ஓலைச் சுவடியைப் படிக்கிறவர்கள் செல்லரித்த எழுத்துக்கும் கணக்கு வைப்பார்களே, அந்த வகை மனிதர்கள் இவர்கள்.

இது திருட்டல்லவா என்ற கேள்வி எழாமல் இருக்குமா? எழுந்தது, கோர்ட்டுக்கும் போயிற்று. 1999-இல் கனெக்டிக்ஸ் என்ற கம்பெனி, சோனியின் 'பிளேஸ்டேஷன்' பெட்டியாக நடிக்கும் புரோகிராமை விற்றது. சோனி வழக்குப் போட்டது. 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்க மேல் கோர்ட்டு, ஒரு யந்திரம் எப்படி நடக்கிறது என்று ஆராய்ந்து, அதைப் போல் நடக்கும் வேறொன்றைச் செய்வதற்காக அதன் புரோகிராமைப் பிரதி எடுத்துப் பார்த்தது நியாயமான உபயோகமே என்று தீர்ப்புச் சொன்னது. மறு வருஷம் சோனி அந்தப் புரோகிராமையே விலைக்கு வாங்கி நிறுத்திவிட்டது என்பது வேறு கதை. ஒன்றை மறந்துவிடக்கூடாது. நடிக்கும் யந்திரம் வேறு. அதில் ஓடும் ஆட்டம் வேறு. ஆட்டத்துக்குச் சொந்தக்காரர் இருக்கிறார். அடுத்தவர் ஆட்டத்தைக் கேட்காமல் பிரதி எடுத்துப் பரப்புவதற்கு இந்தத் தீர்ப்பு இடம் கொடுக்கவில்லை.

இனி, யோகிக்கு ஒரு சிறிய உடல் வேண்டியிருந்தது. 2012-ஆம் ஆண்டு பிப்ரவரி 29-ஆம் தேதி கேம்பிரிட்ஜிலிருந்து அது வந்தது. பிள்ளைகள் கம்ப்யூட்டர் எழுதப் பழகவேண்டும் என்பதற்காக ஈபன் அப்டன் என்பவரும் நண்பர்களும் 35 டாலர் விலையில் 'ராஸ்பெர்ரி பை' என்ற போர்டைக் கொண்டுவந்தார்கள். பாடம் படிக்க வந்த அந்தப் போர்டுகளில் எத்தனையோ, உடைந்த விளையாட்டுப் பெட்டிகளுக்குள் குடியேறிவிட்டன. எங்கள் வீட்டுப் பையன் திருகாணி போட்டதும் இந்த ஜாதிதான்.

2016-ஆம் ஆண்டு நவம்பரில் நடந்ததுதான் வேடிக்கை. நிண்டெண்டோ கம்பெனியே தன் பழைய பெட்டியை உள்ளங்கை அளவுக்குக் குறுக்கி, 30 ஆட்டங்களோடு வெளியிட்டது. ஆவலோடு அதைப் பிரித்துப் பார்த்தவர்கள் கண்டதென்ன? பழைய சில்லு இல்லை. சாதாரணக் கம்ப்யூட்டர் போர்டு ஒன்று. லினக்ஸ் என்ற இலவசப் புரோகிராம். அதன்மேல் ஒரு பாவனை நிரல். இரவல் போர்டை வைத்துப் பையன்கள் கொல்லைப்புறத்தில் செய்ததையே, பெற்ற தாயாரும் செய்திருக்கிறாள்!

சரி, பசுக்கள் ஏமாந்தன. மூலனின் மனைவி என்ன கண்டாள்? பழைய பெட்டியோடு ஒரு துப்பாக்கியும் விற்றார்கள். திரையில் பறக்கும் வாத்தைக் குறிபார்த்துச் சுடலாம். துப்பாக்கியிலிருந்து எதுவும் புறப்படுவதில்லை. அது உண்மையில் ஒரு கண். விசையை அழுத்தியதும் திரை கணநேரம் கறுத்து, வாத்து இருந்த இடம் மட்டும் வெள்ளைச் சதுரமாக மின்னும். அந்த வெளிச்சத்தைத் துப்பாக்கி கண்டால் வாத்து விழும். பழைய கண்ணாடிக் குழாய் டெலிவிஷனில் வெளிச்சம் அந்தக் கணமே வரும். இக்காலத்துத் தட்டைத் திரையோ சற்றுத் தாமதித்துக் காட்டும். ஒளியின் துடிப்பும் வேறு. துப்பாக்கி எதையும் காணாது. பெட்டி கச்சிதமாகப் பாவனை செய்தாலும் சரி, வாத்து விழாது. யோகி மூலனைப் போலவே நடக்கலாம், பேசலாம்; அவனோடு குடித்தனம் நடத்தியவளின் கண்ணை மறைக்க முடியவில்லை.

ஆகையால்தான் இந்தத் தொழிலில் ஒரு தர்மம் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். யோகியார் இறந்துபோன மூலனின் உடலில் புகுந்தாரே தவிர, உயிருள்ள இடையனை வெளியே தள்ளவில்லை. பல் தளர்ந்த பெட்டிக்குப் புதுப்பல் கட்டலாம். 72 பற்களும் கொண்ட உறுப்பு தனியாகவே விலைக்குக் கிடைக்கிறது. மூச்சு இருக்கும் பெட்டியின் குடலை எடுத்துவிட்டுப் புதுப் போர்டைத் திணிப்பது, நடிப்பின்மேல் உள்ள மோகத்தால் அசலைக் கொல்வதாகும். செத்த பெட்டிக்கு மட்டுமே இந்த வைத்தியம்.

ஆனால் பாவனையே கூடாது என்று சொல்கிறவர்களோடு நான் சேரமாட்டேன். அமெரிக்காவில் விளையாட்டுச் சரித்திரத்தைக் காக்கும் ஸ்தாபனம் ஒன்று 2023-இல் ஆராய்ந்து பார்த்தது. அந்த நாட்டில் 2010-க்கு முன் வெளியான ஆட்டங்களில் 87 சதவிகிதம் கடையில் வாங்கக் கிடைப்பதில்லை என்று கண்டது. யந்திரங்களோ ஒவ்வொன்றாகச் சாகின்றன. செய்தவர்களும் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஓய்வு பெற்றபின் கியோட்டோவில் ரிட்சுமேகன் சர்வகலாசாலையில் விளையாட்டு ஆராய்ச்சி நிலையத்தை நடத்திய உயெமுராவும் 2021 டிசம்பரில் காலமானார். உடலைக் காக்க முடியாதபோது, நடத்தையையாவது எழுதிவைத்துக் காக்க வேண்டாமா?

சதோரு இவாதா என்று ஒருவர் இருந்தார். இளம் பிராயத்தில் வாங்கிய கம்ப்யூட்டரில் 6502 சில்லு இருந்ததனால், ஃபாமிகாம் வந்தபோது அதன் பாஷை அவருக்குப் பழக்கமாக இருந்தது. அந்த 2 கிலோபைட் பெட்டிக்குள் 18 குழிகள் கொண்ட கோல்ஃப் மைதானத்தை அவர் அடக்கினார். 1984-இல் அந்த ஆட்டம் வெளிவந்தது. 2002-இல் நிண்டெண்டோவின் தலைவரானார். ரசிகர்களோடு படக்காட்சியில் பேசும்போது, இரண்டு கைகளையும் நெஞ்சிலிருந்து நேராக முன்னே நீட்டுவது அவர் வழக்கம். 2015-ஆம் ஆண்டு ஜூலை 11-ஆம் தேதி, 55-ஆவது வயதில் மறைந்தார்.

2017-இல் அந்தக் கம்பெனி 'ஸ்விட்ச்' என்ற புது யந்திரத்தை வெளியிட்டது. அதன் உட்புறத்தை ஆராய்ந்தவர்கள், யாரும் அறிவிக்காத ஒன்றைக் கண்டார்கள். உள்ளே ஒரு மூலையில் பழைய பெட்டியாக நடிக்கும் பாவனை நிரலும், அதோடு ஒரே ஓர் ஆட்டமும் இருந்தன. அது இவாதா எழுதிய கோல்ஃப். யந்திரத்தின் கடிகாரத்தில் ஜூலை 11 என்ற தேதி இருக்க வேண்டும். கையில் கைப்பிடிகளோடு, அவர் நீட்டுவது போலவே இரு கைகளையும் முன்னே நீட்ட வேண்டும். அப்படிச் செய்தால் ஆட்டம் திறந்தது. கம்பெனி இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சில மாதங்களில் புரோகிராமைப் புதுப்பித்தபோது சத்தமில்லாமல் எடுத்தும்விட்டது.

எடுத்துவிட்டால் என்ன? 1984-இல் ஓர் இளைஞர் எழுதிய கட்டளைகள் ஒன்றுகூட மாறாமல் இருக்கின்றன. அவற்றைப் படிக்கத் தெரிந்த யந்திரம் ஏதேனும் ஒரு கூட்டில் இருக்கும்வரையில், அவர் வகுத்த பதினெட்டுக் குழிகளில் யாராவது ஒருவர் பந்து அடித்துக்கொண்டிருப்பார்.